அந்த சார்சி கிளாஸைப் பற்றி

சனிக்கிழமை நம் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் யாராவது வாட்ஸ்அப்பில் தள்ளியிருப்பார்கள், பீடோங்கில் இதற்கெல்லாம் ஆள் குறைச்சலே இல்லை. என் மகள் என் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி, மோந்து பார்த்து, வாசலில் இருந்த பூச்சட்டியில் ஊற்றுகிறாள். 18 விநாடி. கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். ‘வாய்க்கொழுப்பு’, ‘அம்மாவுக்கு ஒரு போலீஸ்’, ‘பெரிய மனுசி’. ஒருவர் மட்டும் ‘செடிக்கு ஏறிடுச்சிலா’ என்று எழுதியிருந்தார். அது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

வீடியோவில் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சார்சி, வெறும் கறுப்புக் குளிர்பானம்தான் என்று சொல்லிக் கொடுத்த அந்த கிளாஸில் விஸ்கி இருந்தது. கை மாறிப் போய் வந்தது இல்லை. ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் குடிப்பேனா என்று பார்க்க போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இல்லையென்றால் அந்த 18 விநாடி எங்கிருந்து வந்தது?

நான் குடியை விட்டு 3 வருடம் 7 மாதம் ஆகிறது. ஊருக்கே தெரியும். என்னைக் குடிக்க வைத்துப் பார்ப்பது விளையாட்டு இல்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், வேறு எதுவும் எழுதுகிற எண்ணம் இல்லை. விளையாட்டு இல்லை.

“ஒரு கிளாஸ்தானேம்மா, இதுக்குப் போயி!” என்று சித்தி ஒருவர் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். சித்தி, உங்களுக்கு ஒரு கிளாஸ் என்றால் அது ஒரு கிளாஸ். குடித்துவிட்டு, கோழிப் பிரட்டல் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவீர்கள். எனக்கு ஒரு கிளாஸ் என்றால் அடுத்த நாள் ஒரு பாட்டில், அதற்கடுத்த நாள் பிள்ளைகள் வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு இஸ்திரி போடாத சட்டையோடு பள்ளி வேனுக்கு நிற்பது. நான் பார்க்காததையா சொல்கிறேன்?

எனக்கு முதன்முதலில் ஊற்றிக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பெரியவர்கள்தான். மூத்தவள் பிறந்து பத்தியத்தில் இருந்தபோது, ‘பிள்ளை பெத்த ஒடம்பு, சூடு வேணும்’ என்று சாயங்காலம் ஒரு மூடி பிராந்தி. இரண்டாவது பிரசவத்துக்குக் கறுப்பு பீர், அது ரத்தம் ஊறுமாம். யாரையும் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள். பத்தியம் முடிந்தது, மூடி முடியவில்லை. வீட்டுக்காரருக்குப் பிறை ஊரில் தொழிற்சாலை வேலை, பாதி நாள் இரவு ஷிப்ட். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு மைலோ குடிக்கிற கோப்பையில் ஊற்றி வைத்துக்கொள்வேன். கோப்பையில் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பார்த்தவர்கள் அப்போது தடுத்தார்களா என்று கேட்டால், இல்லை, பேசினார்கள். ‘பொம்பளையா இவ’ என்று கோயில் அன்னதானத்தில் என் காதுபடவே பேசினார்கள். அப்போது குடிக்கிறாள் என்று பேசிய அதே வாய்தான் இப்போது ‘ஒரு வாய் குடியேன்’ என்கிறது. எந்தப் பக்கம் போனாலும் நான்தான் வேடிக்கை.

நிறுத்தினது ஒன்றும் சாமி முன்னால் கற்பூரம் அடித்து ஒரே நாளில் நடந்தது இல்லை. நானாகவே நிறுத்திப் பார்த்தேன். கை நடுங்கியது, தூக்கம் போனது, இரண்டாம் நாள் வலிப்பு வந்து மருத்துவமனையில் கொண்டு போய்ப் போட்டார்கள். அதிகமாகக் குடித்துப் பழகின உடம்பு திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து, மருந்து கொடுத்துத்தான் இறக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். இதைப் படிக்கிற யாராவது இன்று ராத்திரியே விடப்போகிறேன் என்று இருந்தால் முதலில் கிளினிக்குக்குப் போங்கள். வைராக்கியம் அப்புறம்.

அதன் பிறகு குடியை விடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) அமைப்பில், போனில் நடக்கிற ஒரு கூட்டத்தில் சேர்ந்தேன். 1935-இல் அமெரிக்காவில் குடியால் கெட்ட இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் ஆரம்பித்ததாம் அந்த அமைப்பு. அங்கே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள்: பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலு நேரத்திலும் உஷாராக இரு என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சின்னவன் வீட்டுப்பாடத்துக்கு அழ, அடுப்பில் சோறு கொதிக்க, வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்ப, ஒரு அம்மாவுக்கு அந்த நாலும் ஒன்றாகத்தானே வரும்? தினமும் அந்த ஆறு மணியைத் தாண்டுகிறேன். யாரும் அதை வீடியோ எடுப்பதில்லை.

‘நம்ம ஆளுங்க குடிக்காத விசேஷமா, தோட்டத்துப் பழக்கம்லா’ என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, தோட்டத்துப் பழக்கம் எது என்று கொஞ்சம் விசாரித்துவிட்டு எழுதியிருக்கலாம். 1941-இல் மலாயாவில், கிள்ளானில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு, துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றதோடு, கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். 1947-இல் இதே கெடாவில், நம் பீடோங் பக்கத்தில், தோட்டத்து இளைஞர்களின் தொண்டர் படை கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து போலீஸிடம் அடி வாங்கியது, உயிரும் போனது. ரப்பர் பால் மரம் வெட்டின கையால் தாத்தா சம்பளத்தைக் கள்ளுக்கடையில் கொடுத்துவிட்டு வருவார், வாரம் முழுக்கக் கஞ்சிதான் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். லயத்துப் பெண்கள் அந்தக் கடைக்கு விடாத சாபமா? இப்போது மரமும் இல்லை, கடையும் இல்லை, எல்லாம் செம்பனையும் தாமானும் ஆகிவிட்டது. பெருமையாகப் பிடித்துக்கொள்ள உங்களுக்கு அந்த ஒன்றுதான் கிடைத்ததா?

சுங்கை பட்டாணித் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற ஆம்பளை 48 நாள் குடிக்க மாட்டேன் என்றால் என்ன செய்கிறீர்கள்? அவர் வந்ததும் பாட்டிலை மேசைக்குக் கீழே தள்ளுகிறீர்கள். ‘விரதம்லா, தொந்தரவு பண்ணாத’ என்று நீங்களே மற்றவர்களை அதட்டுகிறீர்கள். என் விரதத்துக்கு முடிகிற தேதி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்கு மரியாதை, எனக்கு சார்சியில் விஸ்கி.

ஊற்றிக் கொடுத்த மாமா நல்லவர், என் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வாங்கிக் கொடுத்தவர் என்கிறீர்கள். ஆமாம், வாங்கிக் கொடுத்தார். நல்லவர்தான். சரி, அதற்கு?

முகநூலில் ஒரு பொம்பளை இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்கப்போகிறவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போய்விடுங்கள்.

ஆனால் ஒரு அக்கா எழுதினதற்கு மட்டும் இரண்டு நாளாகப் பதில் யோசித்துக்கொண்டு இருக்கிறேன். ‘பதினோரு வயசுப் பிள்ளைய அம்மா கிளாஸ மோந்து பாக்குற நெலமைக்குக் கொண்டு வந்தது யாரு?’ என்று கேட்டிருக்கிறார். அக்கா, நான்தான். இதற்கு மேல் என்ன சொல்ல? அவளுக்கு ஏழு வயதில் ஆரம்பித்த பழக்கம் அது. என் டீயை மோந்து பார்ப்பாள், மைலோவை மோந்து பார்ப்பாள், இருமல் மருந்து மூடியைக்கூட விடமாட்டாள். நான் குடியை விட்ட பிறகும் விடவில்லை, ‘என்னடி பாக்குற?’ என்று நானும் கேட்டதில்லை, கேட்கிற முகம் எனக்கு இல்லை. போன வருடம் பள்ளி விடுமுறையில்தான் கவனித்தேன், என் கோப்பையை எடுத்து அப்படியே நீட்டினாள். மோந்து பார்க்கவில்லை. நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை எதை வைத்துச் சந்தேகப்பட்டாள் என்று கேட்டேன். “எல்லாரும் ஒங்களையே பாத்தாங்கம்மா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கலக்கி வைத்திருந்த காப்பியை எடுத்து மறுபடியும் மோந்து பார்த்தாள். அந்த ஒரு வருடத்தை அந்த மண்டபத்தில் நாலு பேர் சிரிப்புக்காகப் பிடுங்கிக்கொண்டீர்கள். பெரியவர்களிடம் மன்னிப்பு கேட்கச் சொல்லு என்கிறீர்களே, அவள் கேட்க மாட்டாள். நானும் கேட்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம் அண்ணன் வீட்டுக் காதுகுத்து. கட்டாயம் வருவேன், மொய் எழுதுவேன், சாப்பிடுவேன். என் தண்ணீர் பாட்டிலை நானே கொண்டு வருவேன், அதைத் தவிர எதையும் கையால் தொட மாட்டேன். மகள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். போனைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.