வெட்டும் நேரத்தில் கூப்பிடாதீர்கள்

ஆரி, அதாவது கொக்கி ஊசியால் போடுகிற பூவேலை, அதைச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு விளம்பரம் எதைத் திறந்தாலும் ஒரே பல்லவிதான். வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பு நடத்துகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அக்கறையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறையப் பேரைத் தெரியும். சம்பாதிக்கலாம் என்பதும் உண்மைதான். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே என்று சேர்க்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். மாமா, அத்தை, கொழுந்தனார், நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் நான்கு. மூன்றாவதாக ஒன்று போதும் என்று போனது இரட்டையாக வந்தது, அதனால் நான்கு. "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று பின்னால் எழுதிய ஆட்டோவில் நாங்கள் ஏறும்போது டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வார். மதுரையில் வீட்டு முன்னறையில் வைத்து ஜாக்கெட் தைக்கிறேன், ஆரி வேலையும் செய்கிறேன். "இத்தனை பேரை வச்சுக்கிட்டு எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்று கேட்பவர்கள் எல்லாரும் மொத்தமாக எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். மணிக்கணக்கு பார்த்தால் எனக்கும் ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் தேறும். ஆனால் அது பத்து நிமிஷம், கால் மணி, ஏழு நிமிஷம் என்று சில்லறையாகத் தேறும். எந்த வேலைக்குச் சில்லறை போதும், எதற்கு முழு நோட்டு வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லாமே.

ஒரு பட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேலையோடு நெய்து வந்த பிட் சுமார் 80 சென்டிமீட்டர் இருக்கும். அதே நிறம், அதே பார்டரில் இன்னொரு பிட் ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அந்தத் துண்டுக்குள் முதுகு, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு, பட்டி, மிச்சத்தில் ஓரத்துப் பைப்பிங்குக்குக் குறுக்காக வெட்டுகிற கிராஸ் பீஸ் எல்லாம் வந்தாக வேண்டும். கை இரண்டின் ஓரத்திலும் பார்டர் விழ வேண்டும். லைனிங்கை முதல் நாளே தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகு இஸ்திரி போட்டு எடுத்திருக்க வேண்டும். அப்புறம் அளவு ஜாக்கெட்டை விரித்து, உடல் சுற்றளவு, ஷோல்டர், ஆம்ஹோல், கழுத்து இறக்கம், டாட் என்கிற மடிப்புத் தையல் எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாகச் சாக்பீஸால் குறித்து, தையலுக்கு எவ்வளவு விடுவது என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இந்த நேரத்தில் "அம்மா, வெள்ளை சாக்ஸ் எங்க?" என்று ஒரு குரல் வந்தால், பதில் சொல்லிவிட்டுத் திரும்பும்போது மனக்கணக்கு போயிருக்கும். துணியைப் புரட்டி வைத்தோமா இல்லையா என்ற சந்தேகத்தோடு கத்தரியைப் போட்டால் இரண்டு கையும் வலது கையாகவே விழும். தையல்காரர் யாரைக் கேட்டாலும் இந்தப் பயத்தைச் சொல்வார்கள்.

ஆரியும் அப்படித்தான். பட்டர் பேப்பரில் டிசைனை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் ஜிங்க் பவுடரைக் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் துணியில் புள்ளி புள்ளியாக இறங்கும். அது காய்வதற்குள் ஒரு சின்னக் கை பட்டால் மயில் கழுத்து மாங்காய்க்குள் போய்விடும். மண்ணெண்ணெய் வாடையும் குழந்தைகளுக்கு ஆகாது. அதனால் டிரேஸ் எடுப்பதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் வைத்துக்கொள்வேன். பிறகு ஃபிரேமில் துணியை முறுக்காகக் கட்டி உட்கார்ந்தால், கொக்கி ஊசி மேலிருந்து இறங்க, கீழே இடது கை நூல் கொடுக்க, சங்கிலி சங்கிலியாக ஓடும். பாதி வளைவில் எழுந்து பால் காய்ச்சிவிட்டு வந்து தொடர்ந்தால் சங்கிலியின் இறுக்கம் மாறிவிடும். வாங்குபவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நல்ல கண் இருக்கிற கல்யாணப் பெண் என்றால் அவளுக்கும் தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது கை வேலை. ஹெம்மிங், கொக்கி, சேலைக்கு ஃபால்ஸ், குஞ்சம் கட்டுவது. ரசம் கொதிப்பதற்குள் நான்கு கொக்கி வைக்கலாம். வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்டுக்கொண்டே கழுத்து முழுக்க ஹெம்மிங் முடிக்கலாம். எத்தனை தடவை எழுந்து போனாலும் ஊசி குத்திய இடத்திலேயே காத்திருக்கும். பெரிய குடும்பத்துக்காகவே யாரோ யோசித்துச் செய்துவைத்த வேலை மாதிரி இருக்கும்.

இப்போது கூலியைப் பாருங்கள். ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்தால் நான் வாங்குவது 70 ரூபாய். கல்யாண ஜாக்கெட்டில் முதுகும் கையும் நிறைய ஆரி போட்டால் ஆயிரங்களில் பேசலாம். அதாவது எழுந்து எழுந்து போகலாம் என்கிற வேலைக்கு அடிமட்டக் கூலி, எழுந்திருக்கவே கூடாது என்கிற வேலைக்கு நல்ல கூலி. வீட்டில் தலைகள் கூடக் கூட ஒரு பெண் தானாகவே முதல் பக்கம் தள்ளப்படுகிறாள். அவளுக்குக் கற்பனை இல்லை என்பதால் இல்லை, யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் இல்லை என்பதால். திருப்பூர் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர் பெரும்பாலும் ஆணாகவும், பிசிர் வெட்டுவது, செக்கிங், கைமடி எல்லாம் பெரும்பாலும் பெண்களாகவும் இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வீட்டுத் தையலில் இதே பிரிவு எப்படி வருகிறது என்பதை நான் கண்ணாலேயே பார்க்கிறேன். என்னோடு தையல் படித்தவர்களில் என்னைவிட அழகாக டிசைன் போட்டவர்கள் இப்போது கடைக்காரருக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மதுரைக்காரர்களுக்குப் புது மண்டபம் ஞாபகம் இருக்கும். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டியது. தூணுக்குத் தூண் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சின்ன வயசில் நான் பார்த்த வரைக்கும் மிஷினில் இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். துணி வாங்கிப் போய்க் கொடுத்தால் கையோடு தைத்துத் தருவார்கள். அவ்வளவு சந்தடி, அவ்வளவு கூட்டம், ஆனால் அவர்கள் யாரையும் "கரண்டி எங்க வச்ச?" என்று யாரும் கேட்டதில்லை. சந்தடி ஒரு தொந்தரவே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் தொந்தரவு.

சிங்கர் மிஷின் கதை ஒன்று உண்டு. ஐசக் சிங்கர் 1851-ல் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியவர். தவணையில் மிஷின் விற்று வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது அவருடைய கம்பெனி. அந்த மனுஷனுக்குப் பல பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் மட்டும் 20-க்கு மேல்! அதில் ஒன்றையாவது மடியில் வைத்துக்கொண்டு மிஷின் மிதித்திருப்பாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கூட்டமான வீட்டிலிருந்து பெரிய கலை வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு ஊர். பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சாவளி. குளிருக்குப் போர்த்த வேண்டும், வீடு நிறையப் பிள்ளைகள், கையில் காசு இல்லை. கிழிந்த வேலைச் சட்டை, முழங்கால் தேய்ந்த ஜீன்ஸ், சாக்குத் துணி என்று கிடைத்ததை எல்லாம் வெட்டி ஒட்டுப் போர்வை தைத்தார்கள். மிசூரி பெட்வே என்ற பெண் 1942-ல் இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளையே வெட்டிப் போர்வையாக்கினார், மகள் கூட இருந்து உதவினாள். அந்த ஊர்ப் போர்வைகளை 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள், பிறகு நியூயார்க்கின் விட்னியில். 2006-ல் அமெரிக்க அஞ்சல்தலையிலும் வந்தது. படங்களைப் பார்த்தபோது எனக்கு உடனே தோன்றியது, இது துண்டு துண்டாகச் செய்யக்கூடிய வேலை என்பது. ஒரு கட்டம் தைத்து மடித்து வைத்துவிடலாம். அடுத்தது நாளைக்கு, இல்லையென்றால் அறுவடைக்குப் பிறகு. மேல்துணியை அவரவர் தனியாக ஒட்டுப்போட்டுக்கொண்டு, அடித்துணியோடு சேர்த்துத் தைக்கும்போது பெண்கள் கூடி உட்கார்ந்துவிடுவார்கள். தங்கள் நாளின் வடிவத்துக்கு ஏற்ற கலையை அவர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஆனால் இதைச் சொல்லி, "பாருங்கள், வறுமையில்தான் கலை பிறக்கிறது" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்கும் ஒரு தனி அறையும் நல்ல துணியும் கிடைத்திருந்தால் என்னென்ன செய்திருப்பார்களோ.

சரி, எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம்?

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை வெட்டும் நேரம். முன்னறைக் கதவு சாத்தியிருக்கும். போன் மாமாவிடம். ஒரு நீள நோட்டில் யார் கூப்பிட்டார்கள், எந்தச் சேலை, எப்போது வேண்டும் என்று கணக்குப்பிள்ளை கையெழுத்தில் எழுதி வைத்திருப்பார். "ரெடியா?" என்று கேட்பவர்களிடம் என்னைவிடக் கறாராகப் பேசுவார். ஆரம்பத்தில் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "மருமக கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தா ஊரு என்ன சொல்லும்?" என்றார். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண ஜாக்கெட் ஒன்றுக்குக் கிடைத்த பணத்தில் அவருக்குக் கண்ணாடி மாற்றிய பிறகு, கதவைத் தட்டுகிற பிள்ளைகளை இழுத்துப்போவது அவரே. அந்த இரண்டு நாளும் மதியச் சாப்பாடு ஒரு சாதம், ஒரு அப்பளம். புகார் இருந்தால் கொழுந்தனாரிடம் சொல்லவும், அவர் முட்டை பொரித்துத் தருவார். ஞாயிறு காலை என் வீட்டுக்காரர் பொறுப்பு. "உதவி செய்கிறார்" என்று சொந்தக்காரர்கள் அவரைப் பாராட்டும்போது மட்டும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அவருடைய பிள்ளைகளுக்கு அவர் சோறு ஊட்டுவதில் பாராட்ட என்ன இருக்கிறது?

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விடாப்பிடி. "மூத்தவ பொம்பளப்பிள்ளைதானே, சின்னதுகள அவ பாத்துக்கிடுவா" என்று சொல்லாத ஆளே இல்லை. பெரிய குடும்பம் அழகாக நடக்கிறது என்று நாம் பார்த்து மெச்சுகிற பல வீடுகளில் உள்ளே போய்ப் பார்த்தால், அந்த அழகு ஒரு பதிமூன்று வயசுப் பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்திருக்கும். என் ஜாக்கெட் கூலிக்காக அவளுடைய சாயங்காலத்தை எடுத்துக்கொள்ள முடியாது. அவள் ஒன்பதாவது, படிக்கட்டும், இல்லை சும்மா போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும். கொக்கி வைப்பது ஏழாவது படிக்கிற மகன், கொக்கிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காசு வாங்கிவிடுவான். "ஆம்பளப்பையன ஊசி பிடிக்க விடுறியே" என்று ஒரு சித்தி கேட்டார். புது மண்டபத்தில் யார் ஊசி பிடித்தார்கள் சித்தி என்றேன்.

ஊசி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் இருக்கிற வீட்டில் எடுத்த ஊசியை எண்ணித்தான் திரும்ப வைக்க வேண்டும். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன், எழுந்திருக்கும் முன் தரையில் ஒரு சுற்று ஓட்டிவிடுவேன். ஆரியில் வைக்கிற சுகர் பீட்ஸ் மணியும் குந்தன் கல்லும் மூடி திருகுகிற டப்பாவில்தான் இருக்கும், தட்டில் கொட்டி வைப்பதே கிடையாது. ஒரு வயசுப் பிள்ளைக்கு அது மிட்டாய்.

அப்புறம் பேரம் பேசுபவர்கள். "வீட்லதானே தைக்கிற, கடை வாடகையா குடுக்கிற?" வாடகை இல்லைதான். லைனிங், நூல், கொக்கி, மோட்டாருக்குக் கரண்ட், ஆயில் எல்லாம் கடைக்காரருக்கு ஆகிற அதே செலவு. அதுபோக அந்த முன்னறையில் நாங்கள் ஒன்பது பேரும் உட்கார்ந்து டிவி பார்க்க முடியாமல் இருக்கிறோமே, அது வாடகை இல்லையா? தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே ஆர்டரை நிறுத்திவிடுவேன். "உனக்குப் பிள்ளைங்க ஜாஸ்தி, அதான் முடியல" என்பார்கள். கடைக்காரர் நிறுத்தினால் அவருக்கு ஏக கிராக்கி என்பார்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா அதை வைத்துத்தான் பிழைக்கிறார். மிஷின் வந்துவிடுகிறது. அதன் முன்னால் உட்காரும் நேரத்தில் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்பதற்குத்தான் இன்னும் வழி இல்லை. அங்கன்வாடி சாயங்காலம் ஆறு மணி வரை இருந்தால் இந்தத் தெருவில் மட்டும் எத்தனை பேர் கொக்கியிலிருந்து கட்டிங்குக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் வேலை செய்பவர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே 177 என்ற எண்ணில் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. அது வந்தாலும் என்னைப் போல் நேரடியாக வாடிக்கையாளருக்குத் தைப்பவர்களைவிட, கம்பெனிக்குக் கூலிக்குத் தைக்கிற பெண்களுக்குத்தான் அதிகம் உதவும். உதவட்டும், அவர்கள் நிலைமை இன்னும் மோசம்.

கடைசியாக, இன்பாக்ஸில் தினமும் வருகிற கேள்வி: "அக்கா, கைக்குழந்தை இருக்கு, வீட்லயே தைக்கலாம்னு இருக்கேன், என்ன மிஷின் வாங்க?" மோட்டார் மாட்டிய பழைய மிதி மிஷினே ஆரம்பத்துக்குத் தாராளம், கரண்ட் போனாலும் மிதித்துக்கொள்ளலாம். ஆனால் மிஷின் வாங்குவதற்கு முன்பே வெட்டுவதற்கு ஒரு மேசை வாங்குங்கள். தரையில் பாய் விரித்து வெட்டாதீர்கள், தவழ்கிற பிள்ளை நேரே துணி மேல்தான் வரும். பழைய மேசை போதும், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே உயரம் இருக்கட்டும், கத்தரியும் சாக்பீஸும் சுவரோரமாக. வாரத்தில் எந்த இரண்டு நாள், எத்தனை மணி, அந்த நேரம் பிள்ளை யாரிடம் என்பதை மேசை வீட்டுக்குள் வருவதற்கு முன்பே வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். வந்த பிறகு பேசினால் அதன் மேல் இஸ்திரித் துணிதான் அடுக்குவார்கள்.