கடற்புல் பவுடர் காணொளி பற்றி, கடைசியாக

கடற்புல்லை அரைத்துக் குடித்தால் புற்றுநோய் குணமாகும் என்று ஒருவர் சொல்கிறாரே, அந்தக் காணொளியைப் பற்றி இனி பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். விட மாட்டேன் என்கிறார்கள். "நல்ல விஷயத்தை யார் சொன்னாலும் உங்களுக்குப் பிடிக்காதா?" என்று இன்பாக்ஸ் வரை வந்து கேட்கிறார்கள். கடற்புல்லைப் பற்றி நாலு பேர் பேசினால் என்னைவிடச் சந்தோஷப்படுகிற ஆள் யார்? அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

கடற்புல்லில் ஒன்றுமில்லை என்று நான் எங்கே சொன்னேன்? சோஸ்டெரா மரினா என்ற கடற்புல் இனத்தில் ரோஸ்மரினிக் அமிலம் இருக்கிறது. பாக்டீரியாவை ஒட்டவிடாத சோஸ்டெரிக் அமிலமும் அதிலேயே இருக்கிறது. மத்தியதரைக் கடலின் பொசிடோனியா என்ற கடற்புல்லில் சிக்கோரிக் அமிலம். எல்லாம் உண்மை. ஆனால் இப்படி ஒரு சேர்மத்தால் ஆய்வகத் தட்டில் புற்றுநோய் செல் செத்தது என்பதும், நோயாளி பிழைத்தார் என்பதும் ஒன்றல்ல. தட்டில் உப்பை அள்ளிக் கொட்டினாலும் செல் சாகும்.

படிக்கிற காலத்தில் கடற்புல் இலையைச் சுத்தம் செய்வதுதான் எனக்குத் தந்த வேலை. ஒவ்வொரு இலையாகக் கண்ணாடியில் விரித்து, மேலே படர்ந்த பாசியை பிளேடால் சுரண்ட வேண்டும். அழுத்தினால் இலை கிழிந்துவிடும். விட்டுவிட்டால், கிடைத்த சேர்மம் புல்லுடையதா பாசியுடையதா என்றே தெரியாது. பாதி நாள் சுரண்டியதைக் காயவைத்துப் பொடித்தால் ஒரு கைப்பிடி தேறாது. காணொளிக்காரரோ கரையில் கிடந்ததை அள்ளி, அலசி, அரைத்துக் குடிக்கிறார்!

ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் கடற்புல் இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறியவே அந்த இலையைச் சோதிக்கிறார்கள். "உலோகச் சோதனை செய்தீர்களா?" என்று மட்டும்தான் கேட்டேன். மருந்துக் கம்பெனியின் கைக்கூலி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அதற்கு லைக் போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள்.

"இயற்கைதானே, என்ன ஆகிவிடும்?" ஈயமும் இயற்கைதான். "பழங்குடிகள் சாப்பிட்டார்களே?" ஆமாம், மெக்சிகோவின் செரி மக்கள் சோஸ்டெராவின் விதையை மாவாக்கி உண்டார்கள். உணவாக உண்டார்கள், புற்றுநோய் மருந்தாக அல்ல. "ஆராய்ச்சி முடியும் வரை நோயாளி காத்திருப்பாரா?" இந்தக் கேள்வி என்னையும் உறுத்துகிறது. நோயாளியின் அவசரம் புரிகிறது. அவருடைய பயத்தை வைத்து வியாபாரம் செய்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்குத் தூக்கம் போனது அந்தக் காணொளிக்குக் கீழே வந்த ஒரு கமெண்ட்டால்: "வேரோடு பிடுங்கினால் இன்னும் சத்தா?" பொசிடோனியாவின் வேர்த்தண்டு பக்கவாட்டில் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு கை பிடுங்கியது மறுபடி மூட எத்தனை வருஷம்! ரோஸ்மரினிக் அமிலம்தான் வேண்டுமென்றால் துளசியிலும் இருக்கிறதே, அதற்குக் கடலடியைக் கிளறுவானேன்?

2017இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தோனேசியத் தீவுகளில், கடற்புல் வெளி இருந்த இடங்களில் நோய் உண்டாக்கும் பாக்டீரியா ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. யாரும் அரைக்கவில்லை, யாரும் குடிக்கவில்லை. புல் தன் இடத்தில் உயிரோடு நின்றது, அவ்வளவுதான்.

காணொளியைப் பகிர்ந்த நண்பர்களே, எந்த இனம், எந்தக் கடலில் எடுத்தது, சோதனை அறிக்கை எங்கே என்று அவரிடம் கேளுங்கள். பதில் வந்தால் என் பக்கத்திலேயே போடுகிறேன். அதுவரை என்னைத் திட்டுவதாக இருந்தால் இன்பாக்ஸில் வேண்டாம், இங்கேயே எல்லோர் முன்னாலும் திட்டுங்கள்.