21,000 ரூபாயைத் தாண்டினால் அந்த மாதமே ஈஎஸ்ஐ நின்றுவிடுமா?

ஈஎஸ்ஐ (ஊழியர்களுக்கான அரசு காப்பீட்டுத் திட்டம்) பற்றி, “சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிய மாதத்திலிருந்தே ஈஎஸ்ஐ பிடிக்கக் கூடாது, பிடித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்” என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

ஈஎஸ்ஐ கணக்கு மாதக் கணக்கல்ல. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என ஆறு மாதச் சந்தாக் காலம். காலத்தின் தொடக்கத்தில் 21,000 ரூபாய் சம்பள வரம்புக்குள் இருந்தவர், நடுவில் சம்பளம் உயர்ந்தாலும் அந்தக் காலம் முடியும்வரை திட்டத்திலேயே இருப்பார்.

ஏப்ரலில் 20,500 ரூபாய் வாங்கியவருக்கு ஜூலையில் 23,000 ஆகிறது என்று வையுங்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் பிடித்தம் உண்டு. அதுவும் 21,000-க்கு அல்ல, முழு 23,000-க்கு. ஊழியர் பங்கு 0.75 சதவீதம்: 172.50, அடுத்த ரூபாய்க்கு உயர்த்தி 173. நிறுவனத்தின் 3.25 சதவீதம் 748. அக்டோபர் முதல்தான் பிடித்தம் நிற்கும். பல கணக்கர்கள் சறுக்குவது 21,000-க்கு மட்டும் கணக்கிடுவதில்தான்.

ஏப்ரல் மாதமே உயர்வு வந்தால் அந்த மாதமே விலக்கு. வதந்திக்கு இந்த அரை உண்மை விதையாக இருந்திருக்கலாம். ஓவர்டைம் பணம் வரம்பில் சேராது, ஆனால் அதற்கும் சந்தா கட்ட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000.

பிடித்த பணம் வீணும் அல்ல. ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பணப்பயன் காலம் (நோய்க்கால உதவித்தொகை போன்றவற்றைப் பெறக்கூடிய காலம்) அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை.