பேசினால்தான் ஓடுமாம்!

"பேச்சு கேட்டதும் தானே ஓடும், பேச்சு நின்றதும் தானே நிற்கும், டேப் மிச்சமாகும்." கையடக்க டேப் ரெக்கார்டர் பெட்டிகளின் மேல் இதைப் பெரிய எழுத்தில் போட்டு விற்றார்களே, அவர்களை நிறுத்திவைத்துக் கேட்க வேண்டும் எனக்கு. மிச்சமான டேப் எங்கே? அதை வைத்து யார் என்ன செய்தார்கள்? அதோடு போன குரல்களை யார் திருப்பித் தருவார்கள்?

90களில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவுசெய்து திரிந்த மாணவர்களில் நானும் ஒரு ஆள். நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்களுக்குத் தெரியும், அப்போது கையில் கிடைத்தது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவி. இரண்டு பென்சில் செல் போட வேண்டும், மோனோ, உள்ளேயே ஒரு சின்ன மைக், பக்கவாட்டில் ஒரு தள்ளு ஸ்விட்ச். சில கருவிகளில் அதன் மேல் 'வாக்ஸ்' என்று இருக்கும், சிலவற்றில் 'வி.ஓ.ஆர்.' என்று இருக்கும். குரல் வந்தால் ஓட்டுகிற ஸ்விட்ச். அந்தக் கேசட்டுகளை இப்போது கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பூஞ்சை துடைத்து, கழன்றுபோன ஃபெல்ட் பேடை ஒட்டி, ஹெட்டை ஆல்கஹால் போட்டுச் சுத்தம் செய்து, ஹெட்டின் கோணத்தைத் திருகித் திருகிச் சரிபண்ணி ஓடவிட்டால், பாட்டில் கண்ணிக்குக் கண்ணி, அதாவது ஈரடிக்கு ஈரடி, முதல் எழுத்தைக் காணோம். பாடிய ஆச்சிகளில் பெரும்பாலானவர்கள் இன்றைக்கு உயிரோடு இல்லை. "இன்னொரு தடவை பாடுங்க ஆச்சி" என்று யாரிடம் போய்க் கேட்பது?

இது ஏன் நடக்கிறது என்பது ஒன்றும் மர்மம் இல்லை. மைக்கில் சத்தம் ஒரு அளவைத் தாண்டினால்தான் உள்ளே இருக்கிற மின்சுற்று விழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மோட்டாருக்குக் கரண்ட் போகும். மோட்டார் பெல்ட்டை இழுத்து, பெல்ட் சக்கரத்தைச் சுழற்றி, டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற தன் வேகத்துக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் வாயிலிருந்து வந்தது காற்றோடு போயிற்று. இன்றைய டிஜிட்டல் கருவி என்றால் முந்தைய இரண்டு மூன்று நொடியை நினைவில் வைத்திருந்து சேர்த்துக்கொள்ளலாம். கேசட்டுக்கு அப்படி ஒரு நினைவு கிடையாது. ஓடாத டேப்பில் எதுவும் பதியாது. இதை வடிவமைத்த பொறியாளருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் விற்றார்கள்.

எழுத்து போவதோடும் நிற்கவில்லை. டேப் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும்போது பதிவானதை, பிறகு முழு வேகத்தில் போட்டுக் கேட்டால் குரல் கீச்சென்று கிளம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும். எண்பது வயது ஆச்சியின் கனத்த குரல், கண்ணிக்குக் கண்ணி ஒரு குஞ்சின் கீச்சலோடு தொடங்குகிறது. மகனைப் பறிகொடுத்தவள் பாடுகிறாள் அங்கே. கேட்கும்போது வயிறு எரிகிறது.

போகிற எழுத்து எது என்று பாருங்கள். முதல் எழுத்து! தமிழில் ஒரு அடிக்கு மோனை உட்கார்ந்திருக்கிற இடம் அது. பள்ளிக்கூடம் பார்க்காத ஆச்சிக்கு யாப்பிலக்கணம் யாரும் நடத்தவில்லை. ஆனாலும் முதல் அடியை 'மல்லிகை' என்று எடுத்தால் அடுத்த அடியை 'மருக்கொழுந்து' என்று பிடிப்பாள். அந்தப் பிடிப்பில்தான் பாட்டு அவள் நினைவில் நிற்கிறது, மகளுக்கும் பேத்திக்கும் போகிறது. என் கேசட்டில் 'ல்லிகை' இருக்கிறது. சில இடத்தில் அந்தச் சொல்லே இல்லை, அடி நடுவிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் அடியின் 'மருக்கொழுந்து' மட்டும் துணையில்லாமல் நிற்கிறது. தாலாட்டில் 'ஆராரோ' என்பது 'ராரோ' ஆகிவிட்டது. குழந்தையைத் தூங்கவைக்கிற அந்த நீண்ட 'ஆ' எங்கேயும் இல்லை.

அதிலும் ஒப்பாரி உரத்துத் தொடங்குகிற பாட்டு இல்லை. அடிவயிற்றிலிருந்து முனகலாகக் கிளம்பி, மேலே ஏறி, உச்சியில் உடைந்து, திரும்பக் கீழே இறங்கி விம்மலில் முடியும். முனகலை இந்தக் கருவி ஆள் குரலாகவே மதிக்காது. குரல் ஏறின பிறகுதான் ஓடத் தொடங்கும். கடைசி விம்மல் அடங்கிச் சில நொடியில் நின்றுவிடும். அதற்குப் பிறகு வருகிற பெருமூச்சு, மூக்கைச் சிந்துவது, பக்கத்தில் இருக்கிற பெரியம்மா "அழாத தாயி" என்று தோளைப் பிடிப்பது, எல்லாம் போச்சு. ஒப்பாரியில் மௌனமும் பாட்டுதான். அடுத்தவள் எடுப்பதற்கு விடுகிற இடம் அது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு அடியோடு அடியை ஒட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறது இந்தப் பெட்டி.

இதில் என்ன மிச்சம் பிடித்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆத்திரம் இன்னும் கூடுகிறது. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்றால் ஐந்து நொடி மௌனத்துக்கு 24 சென்டிமீட்டர் டேப். ஒரு சாண்! ஒரு சாண் டேப்புக்காக ஒரு கிழவியின் பெருமூச்சை விற்றிருக்கிறார்கள். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் 86 மீட்டர் டேப் ஓடுகிறது. அதில் ஒரு சாண் என்ன பெரிய சொத்து?

"அதுக்குத்தான் சென்சிடிவிட்டி ஸ்விட்ச் இருக்கே, சரியா வைச்சுக்க வேண்டியதுதானே" என்று ஒரு கூட்டம் வரும். வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கருவியில் அந்த ஸ்விட்ச்சுக்கு 'ஹை', 'லோ' என்று இரண்டே நிலை. ஹையில் வைத்தால் ஃபேன் சத்தத்துக்கு ஓடும், கோழி கொக்கரித்தால் ஓடும், தெருவில் மினி பஸ் ஹாரன் அடித்தால் ஓடும். நிற்கவே நிற்காது. அப்புறம் எதற்கு அந்த ஏற்பாடு? லோவில் வைத்தால் ஆச்சி குரலுக்கு அசையாது. நடுவில் ஒரு இடம் கிடையாது. போதாக்குறைக்கு உள்ளே தானே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சுற்று ஒன்று வேறு வேலை செய்துகொண்டிருக்கும். அமைதியானால் அது ஒலியைத் தூக்கிவிடும், தூக்கியதும் சுற்றுப்புறத்து இரைச்சல் பெரிதாகும். பெரிய சத்தம் வந்தால் அமுக்கும், அமுக்கியதும் அடுத்து வருகிற மெல்லிய குரல் தாழ்ந்து பதியும். இதை நிறுத்த அந்த மலிவுக் கருவிகள் எதிலும் ஒரு திருகுகூட இல்லை.

களத்துக்குப் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடமாட்டார்கள். பாடினால் அந்த வீட்டுக்கு ஆகாது. அதனால் ஆச்சிகள் நம்மை ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போவார்கள். கண்மாய்க் கரை, புளியமரத்தடி, களத்துமேடு. கரிசலில் ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேளுங்கள். மைக்கில் காற்று மோதினால் கருவிக்கு அதுதான் பேச்சு. காற்றுக்கு ஓடோ ஓடு என்று ஓடியிருக்கிறது. காற்று ஓய்ந்து, ஆச்சி தாழ்ந்த குரலில் எடுத்த இடத்தில் நின்றிருக்கிறது. ஒரு கேசட்டின் ஒரு பக்கம் நெடுகப் புஸ்ஸென்று காற்றுதான் இருக்கிறது. இடையில் எங்கள் கேள்விகள் மட்டும் கணீரென்று கேட்கின்றன, மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் அல்லவா. யாரைக் கேட்கப் போனோமோ அவருடைய பதில்தான் அரைகுறை.

மற்ற தொல்லைகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். கரண்டில் ஓட்டலாம் என்று எலிமினேட்டரைச் செருகினால் டேப் முழுக்க உர்ரென்று ஒரு இரைச்சல். ஒரு கம்பெனிக் கருவிக்கு நடு முனை பாசிட்டிவ், இன்னொன்றுக்கு நெகட்டிவ், மாற்றிச் செருகினால் கருவி காலி. செல் தீரத் தீர மோட்டார் மெதுவாகும். அப்படிப் பதிந்ததை நல்ல செல்லில் போட்டால் பாடினவர் குரலே மாறிப்போகும். கேசட்டின் தொடக்கத்தில் பதிய முடியாத வெறும் நாடா சில நொடி ஓடும், அதை ஓட்டிவிடாமல் பேசினால் அதுவும் வீண். சரி, இதெல்லாம் அந்தக் காலத்துக் கருவியின் இயல்பு. பொறுத்துக்கொள்ளலாம். 1963இல் பிலிப்ஸ் பெர்லின் கண்காட்சியில் கேசட்டைக் கொண்டுவந்ததிலிருந்து இது கையிலும் பையிலும் போகிற எளிய பொருள், அதனால்தான் கரிசல்காட்டுக் கிராமம் வரைக்கும் வந்தது. அதற்கு நன்றியே உண்டு. என் கோபமெல்லாம் பேசினால் ஓடும் அந்த ஒரு ஸ்விட்ச்சின் மேல்தான்.

ஏனென்றால் அது பொய் சொல்கிறது. இரைச்சல் இருந்தால் இரைச்சல் என்று காது கண்டுபிடித்துவிடும். வெட்டப்பட்ட மௌனம் எவ்வளவு நீளம் என்று காது கண்டுபிடிக்காது. மூன்று இலக்கக் கவுண்டர் சக்கரம் சுற்றியதை எண்ணும், நேரத்தை எண்ணாது. குறிப்பேட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிய நேரம் ஒருபக்கம், டேப்பில் ஓடும் நேரம் இன்னொருபக்கம். பாட்டு எவ்வளவு நேரம் நடந்தது, எங்கே நிறுத்தினார், எவ்வளவு நேரம் அழுதார், யார் எவ்வளவு தாமதித்து அடுத்த அடியை எடுத்தார் என்று இந்தக் கேசட்டை வைத்து ஒருவரும் சொல்ல முடியாது. சொல்ல முடிகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதினால் அது இன்னும் மோசம்.

இந்த ஏற்பாடு யாருக்காக வந்தது? அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் சொல்கிற அதிகாரிக்காக. அவர் ஒரு வாக்கியம் சொல்வார், யோசிப்பார், மறுபடி சொல்வார். யோசித்த நேரம் தட்டச்சருக்குத் தேவையில்லை, ஒரு எழுத்து போனாலும் தட்டச்சர் ஊகித்துப் போட்டுக்கொள்வார். அந்த வேலைக்கு இது சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அதை அந்த வேலைக்கென்று சொல்லி விற்றிருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த கருவியோடு வந்த துண்டுக் காகிதத்தில் "சத்தம் மிகுந்த இடத்தில் சரியாக இயங்காமல் போகலாம்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி. முதல் எழுத்து போகும் என்று ஒரு வார்த்தை இல்லை. பாட்டுக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை இல்லை. ஸ்விட்ச்சையாவது பத்திரமாக வைத்தார்களா? ஒலி கூட்டுகிற சக்கரத்துக்கு ஒட்டினாற்போல், பையில் போட்டு எடுத்தாலே நகர்ந்துவிடுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள். அது போட்டிருக்கிறது என்று காட்ட ஒரு தனி விளக்குகூட இல்லை.

டேப் விலை அன்றைக்கு மாணவனுக்குச் சுமைதான், மறுக்கவில்லை. ஒரு வெற்றுக் கேசட் வாங்கப் பஸ் காசை மிச்சம் பிடித்தவர்களைத் தெரியும். அந்த வறுமையைத்தான் அந்தப் பெட்டியின் மேல் எழுதிய வரி குறிவைத்தது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். இன்றைக்கும் ஆன்லைனில் புதுக் கேசட் ரெக்கார்டர் விற்கிறார்கள், அதே பெருமையோடு. அது போகட்டும், வாங்குபவர்கள் கொஞ்சம் பேர். உங்கள் போனைப் பாருங்கள். குரல் பதிகிற ஆப் சிலவற்றில் பதியும்போதே மௌனத்தைத் தாண்டிச் செல் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதே கொள்ளை, புதுச் சட்டை. தாத்தாவிடம் ஊர்க்கதை கேட்கப் போகிற பிள்ளைகளே, முதல் வேலையாக அதை அணையுங்கள். தாத்தா வாய் திறக்கும் முன்பே ஓடவிடுங்கள். ஊர், தேதி, பெயர் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், அது பாட்டுக்கு ஓடட்டும். அவர் யோசிக்கட்டும், வெற்றிலை மெல்லட்டும், அழட்டும். போனில் ஒரு சாண் நாடாவும் செலவாகப் போவதில்லை.

வீட்டிலோ கல்லூரி அலமாரியிலோ இப்படிப் பதிந்த பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கணினியில் ஏற்றும்போது கோப்பின் பெயரிலும் கேசட் உறையின் மேலும் 'வாக்ஸ் போட்டுப் பதிவானது, மௌனங்கள் வெட்டுண்டவை, கண்ணிகளின் தொடக்கம் குறை' என்று எழுதிவையுங்கள். கீச்சென்று வழுக்கும் தொடக்கம் அடிக்கடி கேட்டால் அது பெரும்பாலும் இந்த ஸ்விட்ச்சின் வேலைதான், ஆனால் கையால் நிறுத்தி நிறுத்திப் பதிந்தாலும் அப்படிக் கேட்கலாம். விடுபட்ட எழுத்தை உங்கள் ஊகத்தில் நிரப்பி அச்சில் போடாதீர்கள், அங்கே புள்ளி வையுங்கள். அதே பாட்டைத் தெரிந்த மகளோ மருமகளோ அந்த ஊரில் இன்னும் இருக்கலாம். நான் விளாத்திகுளம் பக்கம் மூன்று ஊர்களில் தேடத் தொடங்கியிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் தேடுங்கள், இந்த மழைக்காலத்துக்குள்.