ஃபார்மட் போட்டால் ஹார்டு டிஸ்க் பிழைத்துவிடாது

மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் தடுமாறுகிறது, மாற்றிவிடலாமா என்று சர்வீஸ் கடையில் கேட்டால், "எதற்குச் செலவு, ஒரு ஃபார்மட் போட்டால் இன்னும் இரண்டு வருடம் ஓடும்" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

ஃபார்மட்டுக்குப் பிறகு டிஸ்க் குணமானதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. படிக்க முடியாமல் போன செக்டாரை, அதாவது தரவு பதியும் சிறு பகுதியை, டிஸ்க் உடனே கைவிடுவதில்லை. நிலுவைக் கணக்கில் வைத்துக் காத்திருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) அட்டவணையில் 197 என்ற எண்ணுக்கு எதிரே தெரிவது அந்தக் கணக்குதான். அதே இடத்தில் மறுபடியும் ஏதாவது எழுதப்படும்போது, எழுத்து சரியாகப் பதிந்தால் பட்டியலிலிருந்து நீக்குகிறது, பதியாவிட்டால் உபரியாக வைத்திருக்கும் வேறொரு செக்டாருக்கு மாற்றுகிறது. முழு ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் நெடுகிலும் பூஜ்ஜியங்களை எழுதிக்கொண்டே போவதால் நிலுவை பெரும்பாலும் காலியாகிவிடுகிறது. தரவு பதியும் தட்டின் சேதமும், அதைப் படித்து எழுதும் ஹெட்டின் தளர்ச்சியும் இருந்த இடத்திலேயே இருக்க, அழிந்தவை நம் கோப்புகள் மட்டுமே. இதற்குக் கூலி வேறு வாங்குகிறார்கள்!

ஸ்மார்ட் சோதனையில் "தேர்ச்சி" என்று வருகிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அந்தத் தேர்ச்சிக்கான எல்லையை வகுப்பவர் டிஸ்க்கைத் தயாரித்தவரே. பல செக்டார்கள் செத்த பிறகும் அது தேர்ச்சி என்றே காட்டக்கூடும். கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே இல்லாததைவிட 39 மடங்கு அதிகம் என்று எழுதினார்கள். செக்டார் மாற்றம் முதன்முறை நிகழ்ந்தவற்றுக்கு அது 14 மடங்கு. செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்பதும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. சொல்லாமலே சாகும் சாதனம் ஒருமுறை வாய் திறந்து எச்சரிக்கும்போது, அந்த எச்சரிக்கையை அழித்துக் கொடுப்பதா சேவை?

இதைவிடக் கொடுமை, கோப்புகளை நகலெடுக்கும் முன்பே விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு நிரலான செக்டிஸ்க்கை, கெட்ட செக்டார்களைத் தேடும் /r கட்டளையோடு ஓடவிடுவது. உயிர் ஊசலாடும் டிஸ்க்கை ஓரம் முதல் ஓரம் வரை படிக்க வைத்து, மிச்சமிருந்த சில மணி நேர ஆயுளையும் அதிலேயே தீர்த்துவிடுகிறார்கள். முதலில் தேவையான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். நகலெடுக்கும்போது டிஸ்க் திணறினால் டிடிரெஸ்க்யூ (ddrescue) போன்ற தரவு மீட்பு மென்பொருளைக் கொண்டு, நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயல வேண்டும். டிக் டிக் என்று சத்தம் வந்துவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் போவதைத் தவிர வழியில்லை.

இன்னொரு கூட்டம் மடிக்கணினியையே மாற்றச் சொல்கிறது. இரண்டரை அங்குல சாட்டா (SATA) இணைப்பு டிஸ்க் உள்ள பெரும்பாலான மாடல்களில் சில திருகுகளைக் கழற்றி, அதே இடத்தில் சுழலும் தட்டு இல்லாத ஒரு எஸ்எஸ்டியைப் பொருத்திவிடலாம். பழைய கணினி முன்பைவிட வேகமாகவும் ஓடும். அந்த வழியை வாடிக்கையாளரிடம் மறைத்துப் புதிய கணினி விற்பது அநியாயம். எந்தக் கடையாக இருந்தாலும், கணினியில் கை வைப்பதற்கு முன் ஸ்மார்ட் அட்டவணையின் 5 (மாற்றப்பட்ட செக்டார்கள்), 197 (நிலுவையில் உள்ளவை), 198 (சரிசெய்ய முடியாதவை) ஆகிய மூன்று எண்களையும் திரையில் காட்டி விளக்கிவிட்டு, கோப்புகளுக்கு நகல் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.