கத்தரிக்கோலால் நடத்திய பத்திரிகை

"ஆண், பெண் என்ற இரண்டைத் தாண்டிப் பேசுவதெல்லாம் நேற்று முளைத்த நாகரிகம்" என்று யாராவது அடித்துச் சொன்னால், எனக்கு 'யுரேனியா'வின் நினைவுதான் வரும்.

1916இல், உலகப் போர் மூர்க்கமாக நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் சில பெண்ணியவாதிகள் தொடங்கிய சிற்றிதழ் அது. ஈவா கோர்-பூத், அவருடைய வாழ்க்கைத் துணை எஸ்தர் ரோப்பர், ஐரீன் கிளைட் போன்றவர்கள் அதன் ஆசிரியர்கள். பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில், மனிதர்களை ஆண், பெண் என்று பிரிப்பதே எதற்கு என்று கேட்டார்கள். 'யுரேனியாவில் ஆண்களும் இல்லை, பெண்களும் இல்லை' என்பது இதழின் முழக்கம்.

எனக்குப் பிடித்தது அவர்கள் வேலை செய்த விதம். பக்கம் பக்கமாக உபதேசம் செய்யவில்லை. உலகப் பத்திரிகைகளிலிருந்து செய்திகளை வெட்டியெடுத்து அடுக்கினார்கள். வாழ்நாளெல்லாம் ஆணாக வேலை பார்த்த ஒருவர், ஒன்றாகக் குடித்தனம் நடத்திய இரு பெண்கள், பாலினம் மாறிய இன்னொருவர். தினசரிகள் வேடிக்கைச் செய்தியாக ஒரு மூலையில் போட்டவை, இங்கே ஒன்றன் கீழ் ஒன்றாக வந்ததும் சாட்சியங்களாகிவிட்டன.

ஐரீன் கிளைட் என்று எழுதியவருக்கு, தாமஸ் பேட்டி என்ற பெயரும் உண்டு. சர்வதேசச் சட்ட வல்லுநர். 1916 முதல் டோக்கியோவில் ஜப்பானிய வெளியுறவுத் துறைக்கு ஆலோசகர். ஆண்-பெண் பேதமே பார்க்காத ஒரு நாட்டைக் கற்பனை செய்து 1909இலேயே நாவல் எழுதியவர். இவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் எந்தப் பிரதிப்பெயரைப் போடுவது என்று திண்டாட வேண்டியிருக்கிறது. எனக்கு 'அவர்' கைகொடுத்துவிட்டது! அதற்காக அவரை முழுதாக மெச்சவும் மனம் வரவில்லை. சீனாவின் மஞ்சூரியாவில் ஜப்பான் செய்த ஆக்கிரமிப்புக்கு வாதாடியவரும் அவர்தான்.

இதழின் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1940 வரை வந்த அது கடைகளில் விற்பனைக்கு வரவே இல்லை. இலவசமாக, தனிச்சுற்றாக, சுமார் 250 பேருக்குத்தான் போனது. தணிக்கைக்கு அஞ்ச வேண்டிய காலம், புரிகிறது. ஆனாலும் 1908இல், மதுக்கூடங்களில் பெண்கள் வேலை பார்க்கத் தடை வரவிருந்தபோது, அந்தப் பணிப்பெண்களைத் திரட்டி மான்செஸ்டர் வீதிகளில் நின்றவர் ஈவா. அவர்களில் ஒருத்தியின் கைக்காவது யுரேனியா போய்ச் சேர்ந்திருக்குமா? சந்தேகம்தான்.