குழாய்ச் சத்தம் என்று ஒதுக்காதீர்கள்: நம்ம கடற்கரை வீட்டுக்கு ஹார்ன் ஸ்பீக்கர்தான்

"நூறு வாட் ஆம்ப் வாங்கலாமா, இருநூறு வாட் வாங்கலாமா?" ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் வீட்டில் நல்ல பாட்டு செட் வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். ஆம்ப் என்பது ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. கடைக்காரர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் எல்லா வாட் கணக்கும் அந்த ஒரு எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதுதான் சென்சிட்டிவிட்டி. வீட்டுக்கு விற்கிற சிறிய பெட்டிகள் 84 முதல் 88 வரை இருக்கும். புனல் மாதிரி வாய் விரிந்த குழாய் வைத்த நல்ல ஹார்ன் ஸ்பீக்கர்கள் 95-இல் தொடங்கி 105 வரை போகும்.

ஹார்ன் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். "கந்தூரிக்கும் முளைப்பாரிக்கும் கட்டுற குழாயையா வீட்டுக்குள்ள வைக்கச் சொல்றீங்க?" என்கிறார்கள். பனைமரத்தில் கட்டிய குழாய்க்குக் கீழே வீடு இருந்தவர்களுக்கு அந்தக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் காதுவலிக்குக் காரணம் ஹார்ன் என்ற தத்துவம் இல்லை. மைக் செட் குழாய், பேச்சு தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. தகரத்தை உள்ளுக்குள் மடித்து நீளத்தைச் சுருக்கியிருப்பார்கள். அடி சத்தமும் (பேஸ்) வராது, உச்ச சத்தமும் (ட்ரெபிள்) வராது, நடுப்பகுதி மட்டும் பிதுங்கிக்கொண்டு வரும். அதற்கு மேல், ஆம்ப் தாங்காத அளவுக்கு வால்யூமைத் திருகி வைப்பார்கள். அலையின் தலை வெட்டுப்பட்டு வருகிற கரகரப்பைத்தான் நாம் குழாய்ச் சத்தம் என்று மனதில் பதித்துக்கொண்டோம்.

ஹார்ன் செய்கிற வேலை நம்ம ஊரில் சங்கு பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஊதுகிறவரின் உதடு அதிர்வது மிகக் கொஞ்சம். அந்த அதிர்வு குறுகிய துளையில் நுழைந்து, சுருளுக்குள் மெல்ல மெல்ல அகலமாகி, வாயில் வெளியே வரும்போது கரை முழுக்கக் கேட்கிறது. ஸ்பீக்கருக்குள் அதிரும் சவ்வான டயஃப்ரம் திறந்த வெளியில் தள்ளினால் காற்று விலகி ஓடிவிடும், பிடிமானம் கிடைக்காது. அதனால்தான் சாதாரணப் பெட்டிக்கு நூறு வாட் கொடுத்தாலும் ஒலியாக ஒரு வாட்கூட வெளியே வருவதில்லை. மீதி முழுக்க டயஃப்ரத்தை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலில் சூடாகிப் போகிறது. ஹார்னின் கழுத்து அந்தப் பிடிமானத்தைக் கொடுக்கிறது. டயஃப்ரம் கொஞ்சம் அசைந்தாலே போதும் என்பதால் ஒலி திரிந்து வரும் பிசிறும் குறைகிறது. சத்தம் கூடுவதைவிட இந்தப் பிசிறு குறைவதுதான் என்னை ஹார்ன் பக்கம் இழுத்தது.

இது புதுச் சரக்கும் இல்லை. பேசும் படம் வந்த 1920-களில் கண்ணாடிக் குமிழ் வைத்த வால்வு ஆம்ப்கள் சில வாட்தான் கொடுத்தன. அதை வைத்து ஒரு கொட்டகையை நிரப்ப வேண்டியிருந்ததால் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் ஹார்னைப் பிடித்தது. பிறகு 1940-களில் ஆல்டெக் லான்சிங் நிறுவனத்தின் பெரிய தியேட்டர் ஸ்பீக்கர்கள் வந்தன. அதே காலத்தில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சின்ன ஊரில் பால் கிளிப்ஷ், வீட்டின் சுவர் மூலையையே ஹார்னின் கடைசிப் பகுதியாகப் பயன்படுத்தும் கிளிப்ஷ்ஹார்னைச் செய்தார். அதன் சென்சிட்டிவிட்டி சுமார் 105 டெசிபல். 1954-இல் அமெரிக்காவின் எட்கர் வில்சர் மூடிய சிறு பெட்டியில் ஆழமான அடி சத்தம் கொண்டுவந்தார், டிரான்சிஸ்டர் வந்து வாட்டும் மலிவானது. வீடுகளிலிருந்து ஹார்ன் வெளியேறியது இடத்தை அடைத்ததால்தான். சத்தம் மோசம் என்று யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்கிறோம். மெதுவாகப் போகிற பாட்டில் திடீரென விழும் தவில் அடி 100 டெசிபல் தொடலாம். 86 டெசிபல் பெட்டிகள் இரண்டை வைத்து அந்த அடியை முழுசாகக் கொண்டுவர, ஒவ்வொன்றுக்கும் சுமார் 110 வாட் வேண்டும். 98 டெசிபல் ஹார்ன் என்றால் ஏழு வாட் போதும். அறை கொஞ்சம் உதவும் என்றாலும் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறாது. அந்த 110 வாட்டில் பெட்டியின் காயில் சூடாகி, தடை கூடி, சத்தம் அமுங்கவும் செய்யும். ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் குரலை இரண்டிலும் போட்டுக் கேளுங்கள். அவர் குரல் உச்சத்துக்கு ஏறும்போது சிறிய பெட்டியில் நெஞ்சை இறுக்கிப் பிடித்த மாதிரி நின்றுவிடும், ஹார்னில் மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய நாதஸ்வரப் பதிவுகளில் உச்சமும் இல்லை, அடியும் இல்லை. ஆனாலும் அந்த ஊதலின் வேகம் ஹார்னில் தெரிகிற மாதிரி வேறெதிலும் எனக்குத் தெரிந்ததில்லை.

ஏழு வாட் என்பது நம்ம பக்கம் பெரிய விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் காற்று அடித்தால் கரண்ட் போய்விடுகிறது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கையடக்க ஆம்ப்பே அந்த நேரத்தில் வீட்டை நிரப்பும். 300பி என்ற வால்வு போட்ட ஆம்ப் எட்டு வாட் தரும், அழகாகவும் இருக்கும். ஆனால் நம்ம வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் அதைக் காப்பாற்றும் செலவை நினைத்தால் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

அடுத்தது நம்ம வீடுகள். டைல்ஸ் தரை, சிமெண்ட் பூச்சு, கார்பெட் கிடையாது, ஹாலில் கைதட்டினால் எதிரொலிக்கும். சாதாரணப் பெட்டி நாலாபக்கமும் சத்தத்தை வீசும். அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து பாட்டு வரியைக் கலக்கிவிடும். ஹார்ன் தனக்கென ஒரு கோணம் வைத்து அதற்குள் மட்டும் பாடும், பக்கச் சுவருக்குப் போவது குறைவு. வார்த்தை தெளிவாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். அறைக்கு எந்த மாற்றமும் செய்ய முடியாத வீட்டில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடி சத்தத்தில்தான் ஹார்னுக்குச் சிக்கல். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் ஏழு மீட்டர். ஹார்ன் வாயின் சுற்றளவு ஏறத்தாழ அந்த அளவு வேண்டும், அதாவது குறுக்களவு இரண்டு மீட்டருக்கு மேல். மூலையில் வைத்தால் இது வெகுவாகக் குறையும். அமெரிக்க வீடுகளின் அட்டைச் சுவர் அடி சத்தத்தில் நடுங்கி அதைக் குடித்துவிடும், நம்ம செங்கல் சுவர் அசையாது. ஆனால் நம்ம ஹாலில் காலியான மூலை எங்கே இருக்கிறது? ஒன்றில் வாசல், மற்றொன்றில் பீரோ. அதனால் முழு ஹார்ன் என்ற ஆசையை விடுங்கள். கீழே அடி சத்தத்துக்கு 12 அல்லது 15 இன்ச் பேப்பர் கோன் வூஃபர் பெட்டி, மேலே ஹார்னின் கழுத்தில் மாட்டி ஒலி ஊட்டும் கம்ப்ரஷன் டிரைவரோடு ஒரு ஹார்ன், இரண்டும் சேர்ந்து 95 முதல் 98 டெசிபல் வரை. இதுதான் என் தேர்வு. கேட்கிற இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மூன்று மீட்டராவது இருக்கட்டும். அதைவிடக் கிட்டே உட்கார்ந்தால் வூஃபரும் ஹார்னும் ஒரே குரலாகச் சேராது. சின்ன அறை என்றால் ஹார்ன் வேண்டாம்.

இனி உப்புக் காற்று. கிரில் கம்பியையே தின்கிற காற்று ஸ்பீக்கரை விடாது. வூஃபரின் ஓரத்தில் ஃபோம் இருந்தால் வாங்காதீர்கள், ஈரத்தில் சீக்கிரம் பொடிந்துவிடும். மடிப்பு மடிப்பான துணி ஓரம் வருடக்கணக்கில் நிற்கும். டயஃப்ரம் டைட்டானியமாக இருந்தால் உப்பு அதை ஒன்றும் செய்யாது. நியோடிமியம் காந்தம் எடை குறைவு, ஆனால் மேல் பூச்சு கீறினால் துருவேறும். நம்ம ஊருக்குக் கனமான ஃபெரைட்டே நிம்மதி. பெட்டிக்கு மரைன் பிளைவுட். கேட்காத நேரத்தில் ஹார்ன் வாயைத் துணியால் மூடி வையுங்கள். டிரைவருக்குள் இருக்கும் இடுக்கு மிக ஒடுங்கியது, ஒரு துகள் துரு போதும், கீச்சென்று உரசத் தொடங்கிவிடும். ஒயர் மாட்டும் பித்தளை முனைகளில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

விலைதான் பலரையும் தடுக்கிறது. வெளிநாட்டு ஹார்ன் விலை கேட்டால் தலை சுற்றும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்கள் இருக்கிற கடற்கரை இது. மோல்டு செய்து, கண்ணாடி நார்ப் பாயும் ரெசினும் அடுக்கடுக்காக ஏற்றி, உட்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென எடுப்பது அவர்கள் அன்றாடம் செய்கிற வேலை. ஃபைபர் ஹார்னுக்கும் அதே வேலைதான். 1920-களில் இங்கிலாந்துப் பொறியாளர் பால் வாய்க்ட் கொண்டுவந்த டிராக்ட்ரிக்ஸ் என்ற ஹார்ன் வளைவை அளவோடு வரைந்து கொடுத்தால் அவர்களால் செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். கம்ப்ரஷன் டிரைவரையும் வூஃபரையும் மட்டும் வெளியே வாங்கினால் போதும். வாயின் விளிம்பை வெட்டின மாதிரி விடாமல் உருட்டி வளைக்கச் சொல்லுங்கள். அந்தக் கூரான விளிம்பில் பட்டுத் திரும்புகிற ஒலிதான் மூக்கால் பாடுகிற மாதிரிக் கேட்கும்.

ரெடிமேடாக வாங்குகிறவர்கள் காகிதத்தில் உள்ள எண்ணைக் கவனமாகப் படியுங்கள். 2.83 வோல்ட் கொடுத்து அளந்தது என்று போட்டு, ஸ்பீக்கரின் மின்தடை நாலு ஓம் என்றால் உள்ளே போனது இரண்டு வாட், மூன்று டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள். அறைக்குள் அளந்த எண் என்று போட்டிருந்தால் இன்னும் கழியுங்கள். மதுரையிலோ சென்னையிலோ கேட்கப் போகும்போது கடைக்காரர் போடும் பாட்டை நம்பாமல் உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கள். பாட்டை நிறுத்திவிட்டு ஆம்ப்பை மட்டும் ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். சாதாரணப் பெட்டியில் மறைந்துபோகும் ஆம்ப்பின் 'உஸ்' சத்தத்தை ஹார்ன் அப்படியே காட்டிக்கொடுக்கும். நாற்காலி வரைக்கும் அது வந்தால் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு ஆம்ப்பை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.